நாளைய வரலாற்றாசிரியருக்கு ஓர் ஆவணப்படம்: மலையகத்தில் படம்பிடிக்கத் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தம்முடைய பூட்டனையோ பூட்டியையோ பழைய ஏடுகளில் தேடத் தொடங்கினால், அவருக்கு அகப்படக்கூடியது பெரும்பாலும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில், உள்ள ஒரு வரிதான். அந்த வரியில் ஒரு பெயர் இருக்கும். அந்த மாதம் எத்தனை நாளுக்குப் பேர் (ஒருநாள் வேலைப் பதிவு) விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேர் போடப்பட்டது, சம்பளத்தில் எதற்கெல்லாம் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும். அவர் எந்த ஊர் வழக்கில் பேசினார், கூடையை எப்படித் தலையில் மாட்டினார், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பது இராது. அந்த ஏட்டை எழுதியவர் சம்பளம் கொடுப்பதற்காக எழுதினார், நமக்காக எழுதவில்லை. 1823இல் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணினால் 200 ஆண்டுகளைக் கடந்துவிட்ட மலையகத்தைப் பற்றி எழுத்தில் இருப்பவற்றுள் பெரும்பகுதி, துரைமாரும் அதிகாரிகளும் தங்கள் தேவைக்காக எழுதி வைத்தவையே. மக்கள் தாங்களாக வைத்துக்கொண்டது பாட்டிலும் கூத்திலும் தப்படியிலும் ஞாபகத்திலும் கிடக்கிறது. ஏட்டில் ஏறாத இவற்றை, பேசுகிறவரின் முகத்தோடும் குரலோடும் சேர்த்துப் பிடித்து வைக்கக்கூடிய கருவி என்ற வகையில்தான் ஆவணப்படத்தை இக்கட்டுரை பார்க்கிறது.

ஆவணப்படம், அல்லது நம் நாட்டு வானொலியும் பத்திரிகைகளும் பழக்கிய சொல்லில் விவரணப் படம், என்பது உண்மையான மனிதர்களையும் இடங்களையும் நிகழ்வுகளையும் படம்பிடித்து ஒரு பார்வையோடு தொகுத்துச் சொல்வதாகும். இங்கே ‘ஒரு பார்வையோடு’ என்பதை விட்டுவிடக் கூடாது. கமராவை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது, எதை வெட்டுவது என்பதையெல்லாம் ஒருவர் தீர்மானிக்கிறார். ஆகவே ஒவ்வோர் ஆவணப்படமும் இரண்டு காரியங்களுக்குச் சாட்சியாக நிற்கிறது. ஒன்று, கமராவுக்கு முன்னால் இருந்தது. மற்றது, கமராவுக்குப் பின்னால் இருந்தவர் எதைக் காட்ட விரும்பினார், எதைக் காண மறந்தார் என்பது. வரலாற்றாசிரியர் இரண்டையும் வாசிப்பார். படம் எடுக்கிறவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார்.

திரைப்படம் வரலாற்றுக்குச் சான்றாகும் என்ற எண்ணம் ஏறக்குறையத் திரைப்படத்தின் வயதையே கொண்டது. போலந்தைச் சேர்ந்த போலெஸ்லாவ் மதுஷெவ்ஸ்கி என்ற ஒளிப்பதிவாளர் 1898இல் பாரிஸில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, அசையும் படம் வரலாற்றின் புதிய மூலம் என்றும், அத்தகைய படச்சுருள்களைக் காத்து வைக்க ஒரு காப்பகம் வேண்டும் என்றும் வாதிட்டார். அவருக்கு அதற்கொரு காரணம் இருந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி பெலிக்ஸ் போர் 1897இல் ரஷ்யாவுக்குச் சென்றபோது அங்கே மரியாதைக்கு உரிய முறையில் தொப்பியைக் கழற்றவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. மதுஷெவ்ஸ்கி எடுத்திருந்த படச்சுருளோ அவர் கழற்றியதைக் காட்டியது. இந்த அனுபவத்தால் படச்சுருள் பொய் சொல்லாது என்று அவர் நம்பிவிட்டார்.

அந்த நம்பிக்கையை நாம் முழுதாக ஏற்கத் தேவையில்லை. லூமியேர் சகோதரர்கள் 1895இல் லியோன் நகரில் எடுத்த படத்தில் தொழிலாளர்கள் ஆலை வாசலிலிருந்து வெளியே வருகிறார்கள். அதே காட்சியின் மூன்று வடிவங்கள் இன்று கிடைக்கின்றன: ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுக்கிறது, ஒன்றில் இரண்டு குதிரைகள், இன்னொன்றில் குதிரையே இல்லை. அதாவது, உலகத்தின் முதற் படங்களில் ஒன்றே திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டது. அந்த ஆலையும் லூமியேர் குடும்பத்துடையது, கமராவும் அவர்களுடையது. வேலைத்தலத்தையும் வேலையாட்களையும் பற்றிய படத்தை யார் எடுத்தார் என்ற கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது.

நம் மலைநாட்டுக்கு அக்கேள்வி மிகவும் நெருக்கமானது. 1934இல் பசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற படம் உலக ஆவணப்பட வரலாற்றில் தவறாமல் பேசப்படுவது. அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்துவதற்கென அமைந்த சபை. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதிய வரிகளை லயனல் வென்ட் வாசிக்க, படம் நான்கு பகுதிகளாகச் செல்கிறது. அவற்றுள் வணிகத்தைப் பற்றிய மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளும் வியாபாரக் குரல்களும் தீவின் உழைப்புக் காட்சிகளின்மேல் ஒலிக்கின்றன. ஒலி முழுவதும் பின்னர் இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. நேர்காணல் என்று அதில் ஒன்றுமில்லை. உழைக்கும் கைகள் தெரிகின்றன, அக்கைகளுக்குரியவர் தம் கதையைச் சொல்வது கேட்பதில்லை.

இப்படத்தை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறு என்றே கருதுகிறேன். 90 ஆண்டுகள் கழிந்தபின் அதைப் பார்க்கும் ஆய்வாளருக்கு, விளம்பரச் சபை சொல்ல விரும்பிய செய்தி அவ்வளவாகப் பயன்படாது. ஆனால், உடை எப்படிக் கட்டப்பட்டிருந்தது, சுமை எப்படித் தூக்கப்பட்டது, பாதை எந்த நிலையில் இருந்தது என்பதைக் கமரா தற்செயலாக வாங்கி வைத்திருக்கிறது. எடுத்தவர் எண்ணாதது எடுத்தவருக்குப் பின்னும் பேசுகிறது. அதே வேளையில், பேசாதவர்களின் மௌனமும் ஒரு தகவல்தான்: அந்தக் காலத்தில் யாரிடம் ஒலிவாங்கியை நீட்டுவது அவசியமென்று எவருக்கும் தோன்றவில்லை என்பதை அது காட்டுகிறது.

இதிலிருந்து தொடக்கநிலையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதற் பாடம், சட்டகத்தின் ஓரங்களை மதிப்பது. பேசுகிறவரின் முகத்தை மட்டும் திரை நிறைய வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் வரலாற்றாசிரியருக்கு அந்த மங்கலில் போனவைதாம் வேண்டும்: இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சாய்த்து வைத்த, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, சுவரில் தொங்கும் நாட்காட்டி, குடியிருக்கும் அறையான காம்பராவின் தகரக் கூரை, அடுப்பின் உயரம். நேர்காணலுக்கு முன்னோ பின்னோ, பேசுகிறவரின் அனுமதியோடு, அறையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெதுவாகச் சுற்றி எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாயியைக் கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்தேன். தேயிலை மலைக்குள் முதன்முதலாகப் போன நாளைப் பற்றிச் சொல்லும்படி கேட்டிருந்தேன். அவரோ வேறு எங்கெங்கோ போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தம் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயத்தை விட்டு விலகுகிறாரே என்று எனக்குப் பொறுமை கெட்டது. நடுவே எழுந்து வாசலுக்கு வந்து, ‘அந்தா, அதுதான்’ என்று கையை நீட்டினார். நானும் விருப்பமில்லாமலேயே கமராவைத் திருப்பினேன். அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. எங்கள் குடும்பத்தில் எவரிடமும் அதன் வேறு படமும் இல்லை. நான் கேட்க நினைத்த கதை அந்தக் காணொளியில் அரைகுறையாகவே இருக்கிறது. கேட்காதது முழுதாக இருக்கிறது. இதில் இன்னொரு குறையும் உண்டு. அவர் குறிப்பிட்ட ‘பணிய லயம்’ (கீழ்ப்பக்கத்து வரிசைக் குடியிருப்பு) தோட்டத்தின் எந்த டிவிஷனை, அதாவது பிரிவை, சேர்ந்தது என்று அன்று கேட்கவில்லை. அவர் போன பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

இங்கே நேர்காணலின் நுட்பத்துக்கு வருகிறோம். நம் பெரியவர்கள் ஆண்டுகளை எண்ணில் சொல்வதில்லை, நிகழ்வுகளில் சொல்கிறார்கள். ‘பஞ்சத்துக்கு முந்தி’, ‘கலவரம் முடிஞ்சு’, ‘எங்க அண்ணன் கப்பலேறின வருசம்’ என்பவை அவர்களுடைய காலக்கணக்கு. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். அதைத் தெரிந்த நிகழ்வோடு கட்டிவைப்பது படமெடுப்பவரின் வேலை. பஞ்சம் என்றால் 1973–74இல் தோட்டங்களைப் பட்டினி போட்ட பஞ்சமா? கலவரம் என்றால் 1958ஆ, 1977ஆ, 1983ஆ? கப்பல் என்றால் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன ‘ராமானுஜம்’ கப்பலா? அங்கேயே, பேச்சின் போக்கைக் கெடுக்காமல், ‘அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஆண்டு ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். பதிலை உடனே ‘சரி, 74ஆம் ஆண்டு’ என்று நாமே முடித்துவைக்கக் கூடாது. அவர் சொன்னது அவருடைய சொல்லிலேயே இருக்கட்டும். நம் ஊகம் குறிப்பேட்டில், ஊகம் என்ற அடையாளத்தோடு இருக்கட்டும்.

கப்பலைச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்கள் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு ஒரு நாடும் என்று கடதாசி வந்தபோது லயத்தில் அன்றிரவு என்ன பேசப்பட்டது, பெட்டிக்குள் எதை வைத்தார்கள், எதை அயல்வீட்டாருக்குக் கொடுத்தார்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. அது கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களிடமும், இங்கே தங்கியவர்களிடமும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்த நாட்களில் வளர்ந்தவர்களாக இருந்தோர் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். எந்த விஷயத்தை முதலில் எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: விஷயத்தின் சிறப்பைப் பார்க்காமல், சாட்சிகளின் வயதைப் பாருங்கள்.

இடப்பெயரும் அதுபோலச் சிக்கலானது. பெரும்பாலான தோட்டங்களுக்கு வரைபடத்திலும் கம்பனி ஏட்டிலும் ஒரு பெயர். மக்களின் வாயில் ஒரு துரையையோ கங்காணியையோ மலையையோ வைத்து வேறொரு பெயர். ஒன்றை மட்டும் எழுதினால், நாளை ஏட்டைத் தேடுகிறவருக்கும் வாய்மொழியைத் தேடுகிறவருக்கும் இடையே பாலம் அறுந்துவிடும். இரண்டையும் எழுதுங்கள், டிவிஷனையும் லயத்தின் வழக்குப் பெயரையும் விடாதீர்கள். இடங்கள் நின்றுகொண்டே இருக்கும் என்ற துணிச்சலும் வேண்டாம். மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது மட்டும் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிவிட்டது. அப்படியான நாளுக்கு மறுநாள் எடுக்கப்படும் படங்களுக்குக் குறைவிருக்காது. அதற்கு முந்திய வாரத்தின் சாதாரணமான ஒரு மாலையை, பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையை, யார் எடுத்து வைத்திருப்பார்?

ஆகவே விசேஷங்களை மட்டும் எடுப்பது போதாது. தேர்த்திருவிழாவையும் கல்யாணத்தையும் எப்படியும் யாராவது எடுப்பார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களையும், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோவைப் பற்றிய வாக்குவாதத்தையும், தேயிலைச் செடிகளை வெட்டிக் கத்தரிக்கும் கவ்வாத்து மலையில் கத்தி விழும் ஓசையையும், மழைக்குப் படங்கு கட்டும் முறையையும் எவரும் எடுப்பதில்லை. ஏனென்றால் அவை தினமும் நடக்கின்றன. தினமும் நடப்பதே ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகிறது. மூங்கிற்கூடை போய்ப் பை வந்ததை எந்தத் திகதியில் என்று எந்தத் தோட்டத்திலாவது யாராவது குறித்து வைத்தார்களா?

நடித்துக் காட்டச் சொல்வதைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஆவணப்படத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் ரொபர்ட் பிளாஹெர்ட்டி, 1922இல் வெளியான தம் படத்துக்காக வடதுருவப் பகுதி மக்களை, அவர்கள் ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்தபோதும், பழைய முறையில் ஈட்டியால் வேட்டையாடிக் காட்டச் செய்தார். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்பதற்காகப் பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். நம்மிடமும் இது நடக்கிறது. மாசி மாதப் பனியில் இரவுகள் நெடுக ஆடப்படும், மன்மதன் கதையைச் சொல்லும் காமன்கூத்தை, வெளிச்சம் நன்றாயிருக்கிறதென்று பகலில், பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கி ஆடச் சொல்லிப் படம்பிடிக்கிறோம். அது குற்றமல்ல. ஆனால் ‘இது கமராவுக்காகப் பகலில் ஆடியது, வழக்கமாக இரவில், முழுதாக ஆடப்படும்’ என்று படத்திலோ குறிப்பிலோ சொல்லாவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் காமன்கூத்து பகற்கூத்து என்று நேர்மையாகவே எழுதிவிடுவார். குற்றம் அவருடையதாக இராது.

படம் முடிந்தபின் தொடங்கும் வேலையைத்தான் நம்மில் பலர் வேலையாகவே கருதுவதில்லை. இருபது நிமிடப் படத்துக்காகப் பத்து மணிநேரம் எடுத்திருப்போம். தொகுத்த இருபது நிமிடம் நம்முடைய வாதம். தொகுக்காத பத்து மணிநேரம் நாளைய வரலாற்றாசிரியரின் சுரங்கம். நாம் கேட்ட கேள்வியும், பதிலுக்கு முன் வந்த தயக்கமும், ‘அதை விடுங்க தம்பி’ என்று அவர் பேச்சை மாற்றிய இடமும் அந்த மீதியில்தான் இருக்கின்றன. அதனால் தொகுப்பு முடிந்ததும் இடம் போதவில்லை என்று மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், படத்தை வெளியிடாமல் மூலத்தை மட்டும் காத்து வைத்தவரையே, மூலத்தை அழித்துவிட்டுப் படத்தைப் பரிசுக்கு அனுப்பியவரைவிட நல்ல ஆவணக்காரர் என்பேன்.

காத்து வைப்பதற்குச் சம்மதம் வேண்டும். அது படமெடுப்பதற்கான சம்மதத்திலிருந்து வேறானது. பல தலைமுறையாகக் கடதாசியைக் காட்டு, பதிவைக் காட்டு என்று கேட்கப்பட்டவர்கள் நம் மக்கள். கையெழுத்து என்றதும் சிலர் அஞ்சுவது இயல்பு. எங்கே வைக்கப்போகிறோம், யார் பார்க்கலாம், பெயர் போடலாமா என்பதை அவர்களுக்கு விளங்கும் பேச்சில் சொல்லி, அவர்கள் இணங்குவதைக் கமராவிலேயே பதியலாம். இன்னும் தோட்டத்தில் பேர் போடும் ஒருவர் நிர்வாகத்தைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ மனந்திறந்து பேசினால், அதை இத்தனை ஆண்டுக்குப் பிறகே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வைக்கலாம். இன்று வெளியிட முடியாது என்பதற்காகப் பதியாமல் விட வேண்டியதில்லை. வரலாற்றாசிரியருக்கு அவசரம் கிடையாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும், இணங்கினாலும், சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வது முறை.

கடைசியாக, பொருள் கெடாமல் வைத்திருப்பது. பழைய நைத்திரேற்றுப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும். அதற்குப் பின்வந்த அசற்றேற்றுச் சுருள்கள் வினாகிரி வாடையோடு சுருங்கிப்போகும். வீடியோ நாடாக்களில் நம் மலைநாட்டு ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். வீட்டில் கல்யாண வீடியோ நாடா இருந்தால் இந்த ஆண்டே கணினிக்கு மாற்றுங்கள்; நாடா மட்டுமல்ல, அதை ஓட்டும் கருவியும் மறைந்துவருகிறது. இன்றைய கோப்புகளுக்கு எளிய விதியொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். லயத்தில் ஒன்றும் ஹட்டனில் கடையில் ஒன்றும் கொழும்பில் வேலை பார்க்கும் தங்கையிடம் ஒன்றுமாக, அவற்றுள் ஒன்றாவது வேறு வகைச் சேமிப்பில் இருந்தாலே விதி நிறைவேறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலமென்று எண்ண வேண்டாம். அதில் படத்தின் தரம் சுருக்கப்படும், கோப்போடு ஒட்டிய திகதியும் இடமும் உதிர்ந்துவிடும். முகநூலும் யூடியூப்பும் பார்ப்பதற்கான இடங்கள். கணக்கு முடக்கப்பட்டால் படமும் போய்விடும். நிலையான இடம் தேடுவோர், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தை நாடலாம். ஒலி, ஒளி ஆவணங்களுக்கென்று அது தனியான களஞ்சியத்தையும் நடத்துகிறது.

ஒவ்வொரு கோப்போடும் சாதாரண எழுத்துக்கோப்பு ஒன்று செல்ல வேண்டும். அதில் எடுத்த திகதி, தோட்டத்தின் இரு பெயர்கள், டிவிஷன், பேசுகிறவரின் பெயர், வயது, அவர் செய்த வேலை, அருகிலிருந்தவர்கள், எடுத்தவர், பணம் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் அவர், எது நடித்துக் காட்டப்பட்டது, எந்த நிபந்தனையில் வைக்கப்பட்டது என்பவை இருந்தால் போதும். அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் காலைக்குள் அருகிலிருந்தவர்களில் ஒருவரின் பெயர் மறந்திருக்கும். என் அம்மாயியின் காணொளிக்கு நான் பின்னர் எழுதிய குறிப்பில் ‘டிவிஷன்’ என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதே தோட்டத்தில் அவரோடு கொழுந்தெடுத்த ஒருவர் பதுளைப் பக்கம் மகளோடு இருப்பதாக அண்மையில் கேள்விப்பட்டேன். தொலைபேசியின் மின்கலத்தை நிறைத்துக்கொண்டு அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்குப் போகவிருக்கிறேன்.